மயில் தின்ன தக்காளி



கந்தசஷ்டி நெருங்கும்போதெல்லாம் நம்ம குழுக்கள்ல ஒரு பதிவு சுத்த ஆரம்பிச்சிடும். கடையில வாங்குற காய்ல மருந்து, அதனால விரதத்துக்கு ஆகாது. வீட்டுக்குப் பின்னாடி நாமே வளர்த்த காய்தான் சாத்விகம், பாவம் ஒட்டாத சாப்பாடு. இதான் அந்தப் பதிவோட சாரம். கீழே நூறு பேர் கைகூப்பி வச்சிருப்பாங்க. அதுல பாதி எனக்கு உடன்பாடு, பாதி கிடையாது. கிடையாதுன்னு சொல்ற பாதியைப் பத்திதான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் நீளம்தான், சாயங்காலம் டீ குடிக்கும்போது படிங்க.

நான் கள்ளக்குறிச்சிக்காரன். பொறியியல் படிச்சிட்டு மென்பொருள் வேலை. மாசத்துல பாதி நாள் வீட்டுலயே உட்கார்ந்து வேலை பார்க்கிறேன். வீட்டுக்குப் பின்னாடி முக்கால் சென்ட் இடம் இருக்கு. ஒரு சென்ட்னா 435 சதுர அடி சொச்சம், கணக்குப் போட்டுக்கோங்க. அதுல கத்தரி, வெண்டை, தக்காளி, மிளகாய், சிறுகீரை, ஓரத்துல ஒரு முருங்கை, சுவர் ஓரமா அவரைப் பந்தல். ஆடிப்பட்டத்துல போட்ட அவரை தையில காய்ச்சுக் குலுங்கும். அரிசியும் பருப்பும் எண்ணெயும் கடையிலதான். ‘தற்சார்பு’ன்னு யூடியூப்ல பேசுற அளவுக்கு இது ஒண்ணும் இல்லை. வாரத்துல நாலு நாள் குழம்புக்கும் பொரியலுக்கும் ஆகும், அவ்வளவுதான்.

இந்த முக்கால் சென்ட்ல ஒரு வருஷத்துல எத்தனை உயிர் போகுதுன்னு யாராவது எண்ணிப் பார்த்திருக்கீங்களா?

கத்தரியில தண்டு, காய் துளைக்கிற புழு வரும். நுனி வாடித் தொங்கினா உள்ளே புழு இருக்குன்னு அர்த்தம். அந்த நுனியைக் கிள்ளி நசுக்கிப் போடணும், விட்டா அடுத்தது காய்க்குள்ள போயிடும். இந்த ஒரு புழுவுக்காகத்தான் கத்தரி வயல்ல ஓயாம மருந்து அடிக்கிறாங்க. இதைத் தடுக்கத்தான் பி.டி. கத்தரின்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க, 2010ல மத்திய அரசு அதை நிறுத்தி வச்சுது. (அது தனி ராமாயணம், இங்க வேண்டாம்.) அவரையில அசுவினி அப்பிக்கும். செம்பருத்தியில மாவுப்பூச்சி. மழை முடிஞ்சா முருங்கையில கம்பளிப்பூச்சி கொத்துக் கொத்தா உட்கார்ந்திருக்கும், எங்க பாட்டி தீப்பந்தம் கட்டி எரிப்பாங்க. மண்ணைக் கொத்தும்போது மண்புழு துண்டாகும். துண்டானா ரெண்டு புழுவா வளரும்னு சின்ன வயசுல நமக்குச் சொன்னது பொய். வால் பக்கத் துண்டு செத்துப்போகும்.

நான் ரசாயனம் அடிக்கிறதில்லை. வேப்பெண்ணெயில கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து தெளிக்கிறேன், இல்லைன்னா இஞ்சி, பூண்டு, பச்சைமிளகாய் அரைச்ச கரைசல். ‘இயற்கை’ன்னு சொல்றதால இது ஏதோ புழுவைத் தடவிக் கொடுக்கிற மாதிரி ஒரு எண்ணம் நமக்கு. வேம்பு என்ன பண்ணுது தெரியுமா? புழுவைத் தின்ன விடாது, தோலுரிச்சு வளர விடாது. அது பட்டினியில, பாதி உரிச்ச தோலோட மெதுவா சாகுது. அந்தப் புழு பக்கம் நின்னு பார்த்தா, ஒரே அடியில கொல்ற மருந்தே தேவலை. வேம்பு தேனீக்குக் கெடுதல் குறைவு, மண்ணுக்கும் நமக்கும் நல்லது, அதனாலதான் அடிக்கிறேன். அதை அகிம்சைன்னு மட்டும் சொல்லிக்க மாட்டேன். பொறிவண்டு அசுவினியைத் தின்னட்டும்னு சும்மா விட்டாலும் அங்கேயும் நடக்கிறது கொலைதான். என் கையால நடக்கலை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்போ கடையில வாங்கினா? தலைவாசல் மார்க்கெட்ல இருந்து வர்ற அந்தக் கத்தரிக்காய்க்கும் எவனோ ஒருத்தர் முதுகுல டேங்க் மாட்டி, மூக்குல துண்டைக் கட்டி மருந்தடிச்சிருக்கார். புழு அங்கேயும் செத்தது. கூடவே அந்த மருந்தை மூச்சுல இழுத்ததும் அவர்தான். நாம பணம் கொடுத்து, பார்க்காம இருக்கிற வசதியை வாங்கினோம். ஆக, சைவச் சாப்பாடுன்னாலே உயிர்க்கொலை இல்லாத சாப்பாடுன்னு நினைச்சா அது எங்கேயும் கிடையாது. சொந்தத் தோட்டம் அந்தப் பாவத்தைக் கழுவாது. நம்ம தட்டுக்காக என்ன நடக்குதுன்னு கண்ணுல காட்டும். நான் தோட்டம் போடுங்கன்னு சொல்றது இதுக்காகத்தான்.

இந்தக் கேள்வி நமக்கு முன்னாடியே நம்ம மாவட்டத்துல ஒரு கூட்டத்துக்கு இன்னும் கூர்மையா இருந்திருக்கு. உளுந்தூர்பேட்டை பக்கம் திருநறுங்கொண்டையில குன்று மேல ஒரு பழைய சமணக் கோயில் இருக்கு, அப்பாண்டைநாதர் கோயில்னு சொல்வாங்க. பார்சுவநாதருக்கான கோயில். சமணம் எறும்பையும் மிதிக்காதேன்னு சொல்ற மதம். ஏர் ஓட்டினா மண்ணுக்குள்ள இருக்கிற உயிர் சாகும்னு உழவையே சந்தேகமா பார்த்த மரபு. வடநாட்டுச் சமணர்கள் பெரும்பாலும் வியாபாரத்துக்குப் போனதுக்கு அதையும் ஒரு காரணமா சொல்வாங்க. ஆனா தமிழ்ச் சமணர்கள், நயினார்னு நாம சொல்றவங்க, விழுப்புரம், திருவண்ணாமலை பக்கமெல்லாம் தலைமுறை தலைமுறையா விவசாயக் குடும்பம். பொழுது சாய்ஞ்சா சாப்பிடாம இருக்கிற அளவுக்குக் கட்டுப்பாடு, பகல்ல ஏர். முரண்பாடுன்னு சிரிக்கிறவங்க சிரிக்கட்டும். எனக்கு அதுல ஒரு நேர்மை தெரியுது. யாராவது ஒருத்தர் உழுதுதான் ஆகணும், அதைத் தள்ளிவிட ஆள் தேடாம தாங்களே உழுதாங்க, எங்கெல்லாம் குறைக்க முடியுமோ அங்கெல்லாம் குறைச்சாங்க.

வள்ளுவரும் இப்படித்தான். புலால் மறுத்தல் 26ஆவது அதிகாரம், கொல்லாமை 33, உழவு 104. மூணும் ஒரே புத்தகத்துல சண்டை போடாம இருக்கு. செங்கோன்மை அதிகாரத்துக் கடைசிக் குறள்ல, கொடியவனை அரசன் தண்டிக்கிறதுக்கு அவர் சொல்ற உவமை, பயிருக்கு நடுவுல களை எடுக்கிறது. களை எடுக்கிறது வன்முறையா இல்லையான்னு அவர் குழம்பலை. பயிரைக் காக்கிறவன் செய்ய வேண்டியதுன்னு எடுத்துக்கிட்டார்.

சரி, புழு வரைக்கும் மனசைத் தேத்திக்கலாம். மயில் வந்தா என்ன செய்வீங்க?

எங்க தெருவுக்கு அந்தப் பக்கம் வயல். விடியற்காலை அஞ்சே முக்காலுக்கு மயில் சுவர் மேல வந்து நிக்கும். தோகை தொங்குற அந்த அழகைப் பார்த்தா யாருக்கும் கை கூப்பத்தான் தோணும். அப்புறம் இறங்கி வந்து தக்காளி நாத்தைக் கொத்தும், மிளகாய்க் குருத்தைக் கிள்ளும், பழுத்த தக்காளியை ஒண்ணு விடாம ஒரு கொத்துக் கொத்தி வச்சிட்டுப் போகும். முழுசா தின்னாக்கூட மனசு ஆறும், எல்லாத்துலயும் எச்சில் பண்ணி வைக்கும். அம்மா, “முருகனே வந்து சாப்பிட்டுப் போறாருடா, விடு”ன்னு சொல்வாங்க. அந்த வார்த்தை எனக்குப் பிடிக்கும். நானும் விரட்ட மாட்டேன். எனக்கு நஷ்டம் முப்பது ரூபா தக்காளி. சம்பளம் ஒண்ணாந்தேதி வந்துடும்.

வயலுக்கு அந்தப் பக்கம் ஒரு அண்ணன் ரெண்டு ஏக்கர் மக்காச்சோளமும் கொஞ்சம் மணிலாவும் போடுறார். விதை ஊன்றின மறுநாளே மயில் கூட்டம் வந்து வரிசையா கிளறிப் பொறுக்கும். முளைச்சு வந்தா குருத்து, கதிர் பிடிச்சா மணி. வயலைச் சுத்திப் பழைய புடவையைக் கட்டி வச்சிருக்கார், பளபளப்பு ரிப்பன் கட்டியிருக்கார், தகர டப்பா தட்டுறார். கொஞ்ச நாள்ல மயிலுக்கு எல்லாம் பழகிடுது. மயில் நம்ம தேசியப் பறவை, 1963ல இருந்து. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துல முதல் அட்டவணையில இருக்கு. கொன்னா ஜெயில். அந்தச் சட்டம் இருக்கிறது நல்லதுதான், இல்லைன்னா இறகுக்காகவே முடிச்சிருப்பாங்க. ஆனா அந்த அண்ணன்கிட்டப் போய் “முருகன் சாப்பிட்டார்னு நினைச்சுக்கோங்கண்ணே”ன்னு என்னால சொல்ல முடியாது. அவர் வட்டிக்கு வாங்கி விதைச்சிருக்கார்.

இங்கதான் எனக்கு அந்த ‘சாத்விகம்’ பதிவைவிடப் பெரிய கேள்வி ஒண்ணு வருது. என் இரக்கத்துக்கு யார் பில் கட்டுறாங்க? முக்கால் சென்ட்ல நான் காட்டுற பெருந்தன்மைக்கு முப்பது ரூபா. அதே பெருந்தன்மையை அவர்கிட்ட எதிர்பார்த்தா அது ஒரு போக வருமானம். தமிழ்நாட்டுல விஷம் வச்ச தானியத்தைத் தின்னு மயில் கூட்டமா செத்துக் கிடந்த செய்தி அப்பப்ப வருதே, அப்போ நாம எல்லாரும் “இவனெல்லாம் மனுஷனா”ன்னு பதிவு போடுறோம். விஷம் வச்சது தப்பு, அதுல எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனா அந்தப் பதிவைப் போட்ட நமக்கு அந்த மயிலால ஒரு ரூபா நஷ்டம் உண்டான்னு கேட்டுக்கிட்டுப் போடணும்.

இலங்கையில 2022ல என்ன நடந்ததுன்னு ஞாபகம் இருக்கா? 2021ல ரசாயன உரத்தை ஒரேயடியா தடை பண்ணி, விளைச்சல் விழுந்து, அடுத்த வருஷம் டாலரும் தீர்ந்துபோச்சு. 2022 ஜூன்ல அரசு ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்து, வீட்டுத் தோட்டத்துல பயிர் வைங்கன்னு சொன்னாங்க. பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறதும் அதுல ஒரு நோக்கம். அந்த மாதிரி நேரத்துல கொல்லையில வச்ச மரவள்ளியை அணிலோ மயிலோ தோண்டினா யாரும் புராணம் பேச மாட்டாங்க. பசி இல்லாத இடத்துலதான் இரக்கம் சுலபம். அதுக்காக இரக்கம் பொய்னு சொல்ல வரலை. விலை தெரிஞ்சு செய்யணும்னு சொல்றேன்.

முருகன் கதையில இதுக்கு வழி இருக்கான்னு கேட்டா, நான் நேரா வள்ளிகிட்டத்தான் போவேன்.

வள்ளி யாரு? வள்ளிக்கிழங்கு தோண்டின குழியில நம்பிராஜன் கண்டெடுத்த பொண்ணு. கிழங்கு தோண்டின பள்ளம், அதாவது ஒரு குடும்பம் சாப்பாடு தேடின இடம், அதுல கிடைச்சவ. வளர்ந்ததும் அவளைத் தினைப்புனத்துல காவலுக்கு வச்சாங்க. பரண் மேல நின்னு, கையில கவண் வச்சுக்கிட்டு, ஆலோலம் பாடிக் கிளியையும் குருவியையும் விரட்டினா. நம்ம வீட்டுப் பூஜை அறைப் படத்துல கிளி அவ தோள்ல உட்கார்ந்திருக்கும், நாம அதையே பார்த்துப் பழகிட்டோம். புனத்துல அவளோட வேலை அந்தக் கிளியை விரட்டுறது! “பாவம், சின்னப் பறவை தின்னுட்டுப் போகட்டும்”னு அவ பரண்ல உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலை. அது அவ குடிக்கு ஒரு வருஷச் சாப்பாடு.

அதே பரண்கிட்ட, அதே நாட்கள்ல, ஒரு கிழவர் வந்து பசிக்குதுன்னு கேட்டார். தேனும் தினைமாவும் கொடுத்தா. தண்ணி கேட்டார், சுனைக்குக் கூட்டிட்டுப் போனா. வந்தது யாருன்னு நமக்குத் தெரியும், அவளுக்கு அப்போ தெரியாது. கேட்டவர் கிழவர், பசின்னார், கொடுத்தா, அவ்வளவுதான். இன்னைக்கும் தேனும் தினைமாவும் நைவேத்தியமா வைக்கிறோமே, அதுக்கு வேர் இந்த இடம். கிளி விரட்டின கைதான் மாவும் கொடுத்தது. காவல் காக்காத புனத்துல கொடுக்கிறதுக்கு என்ன மிஞ்சியிருக்கும்? முருகன் அவளைத் தேடி வந்தது அவ கண்ணை மூடித் தவம் இருந்த நேரத்துல இல்லை, வேலை பார்த்துக்கிட்டிருந்த நேரத்துல. இது என் சொந்த வாசிப்புதான், பெரியவங்க வேற மாதிரி ஜீவாத்மா, பரமாத்மான்னு விளக்கம் சொல்வாங்க. அதுவும் இருக்கட்டும், இதுவும் இருக்கட்டும்.

தினைப்புனக் காவலைப் பாடினவங்கள்ல பெரியவர் கபிலர். குறிஞ்சிப்பாட்டு அவருது. அந்தக் கபிலர் கடைசியா உயிரை விட்ட இடம்னு சொல்ற கபிலர் குன்று நம்ம திருக்கோவிலூர்ல, தென்பெண்ணை ஆத்துக்கு நடுவுல நிக்குது. பைக்ல போறவங்க ஒரு தடவை நிறுத்திப் பாருங்க. முல்லைக்கொடிக்குத் தேரைக் கொடுத்த பாரி அவரோட நண்பன். பாரியோட பறம்பு மலையைப் பத்திக் கபிலர் புறநானூற்றுல ஒண்ணு சொல்றார். மூவேந்தர் முற்றுகை போட்டாலும் அந்த மலை பட்டினி கிடக்காது, ஏன்னா உழாமலே விளையிற நாலு பொருள் அங்க உண்டுன்னு. மூங்கில் அரிசி, பலா, வள்ளிக்கிழங்கு, தேன். தேரையே தூக்கிக் கொடுக்கிற வள்ளல்தன்மைக்குப் பின்னாடி அப்படி ஒரு மலை நின்னிருக்கு. எதிரி வாசல்ல நிக்கும்போதும் சோத்துக்குக் கவலை இல்லாத மலை.

இப்போ நம்ம கல்வராயன் மலைக்கு வாங்க. வெள்ளிமலைக்கு மேல ஏறினா அந்த நாலுல பலாவும் தேனும் இன்னும் பார்க்கலாம். மலையாளிப் பழங்குடி மக்கள் சாமை, தினை, வரகுன்னு விதைச்ச மலை அது. சாமைச் சோறுதான் சோறு. ஆனா அந்த நிலம் ரொம்ப காலம் அவங்க கையில இல்லை. ஜாகிர்தார்கள் ஆட்சி அங்க 1976 வரைக்கும் இருந்தது. நாடு சுதந்திரம் வாங்கி 29 வருஷம் கழிச்சு! தன் புனத்துல விளைஞ்சதுல எவ்வளவு தன்னுதுன்னு தானே முடிவு பண்ண முடியாத மக்கள்கிட்ட ‘உன் உணவை நீயே வளர்’னு இன்னைக்கு நாம போடுற வாசகத்தைச் சொன்னா எப்படி இருந்திருக்கும்? இப்போ மலையிலயும் கீழேயும் மரவள்ளி பரவியிருக்கு. சின்னசேலம், ஆத்தூர் தாண்டி முத்துமலை முருகனைப் பார்க்கப் போற வழி முழுக்கப் பாருங்க, மரவள்ளியும் மக்காச்சோளமும்தான். கிழங்கு லாரி ஏறி ஜவ்வரிசி ஆலைக்குப் போகுது, காசு வருது. சாமையைக் குத்திச் சலிக்கிற வேலை மிச்சம். அவங்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. பசங்க படிப்புக்கு ஃபீஸ் சாமையா கட்ட முடியாது. ஆனா மலையில சாமை விதைச்சவங்க ரேஷன் அரிசி சாப்பிடுறதும், கீழே சம்பளக்காரங்க ‘சிறுதானிய டயட்’டுன்னு அதே சாமையைப் பாக்கெட்ல வாங்குறதும் எனக்கு ஏதோ தலைகீழா தெரியுது.

இவ்வளவு பேசினவன் மயிலுக்கு என்னதான் பண்றேன்னு கேட்பீங்க.

நாத்து விடுற மூணு வாரம் மட்டும் பாத்தி மேல வலை. மீன்வலை பழசு மலிவா கிடைக்குது, பறவை கால் சிக்காம இழுத்துக் கட்டணும், தொளதொளன்னு விட்டா மயில் மாட்டிக்கும். தக்காளியைச் செங்காயா இருக்கும்போதே பறிச்சு உள்ளே பழுக்க வைக்கிறேன். தக்காளி வரிசைக்கு நடுவுல செண்டுமல்லி, ஓரத்துல நாலு ஆமணக்கு. காய்ப்புழுவோட தாய்ப்பூச்சி செண்டுமல்லியில முட்டை வைக்கும், இலை தின்னுற புழு ஆமணக்குக்குப் போகும். பொறிப்பயிர்னு வேளாண்மைத் துறையிலயே சொல்லிக் கொடுக்கிறாங்க. எதிரிக்கும் தோட்டத்துல ஒரு இடம், ஆனா சிம்மாசனம் இல்லை. சூரபத்மன் மாமரமா நின்னப்ப வேல் அவனைப் பிளந்துது, சாம்பலாக்கலை. ஒரு பாதி சேவலா கொடியில ஏறுச்சு, இன்னொரு பாதி மயிலா காலடிக்கு வந்துது. (ஆமணக்குச் செடியைப் பார்த்து சூரசம்ஹாரம் வரைக்கும் போறான்னு சிரிக்காதீங்க, வெண்டைக்குத் தண்ணி விடும்போது வேற என்ன யோசிக்கிறது?) ஆமணக்குல சேர்ந்த புழுவை நான் பொறுக்கித்தான் எடுக்கிறேன், அதையும் மறைக்கலை.

நம்ம குழுவுல இன்னொரு பழக்கம் பரவுது. ஊருக்கு வெளியே போய் மயிலுக்கு மூட்டை மூட்டையா கம்பும் சோளமும் கொட்டி, வீடியோ எடுத்து, பின்னாடி பாட்டு போட்டுப் பகிர்றது. ஆசை புரியுது. ஆனா அங்க சாப்பிட்டுப் பழகின கூட்டம், நீங்க பைக்ல திரும்பினதும், பக்கத்து வயலுக்குத்தான் போகும். புண்ணியம் உங்க போன்ல, செலவு அந்த விவசாயிக்கு. மயிலுக்குக் கொடுக்கணும்னா உங்க சுவருக்குள்ள, உங்க செடியில கொடுங்க. அது உங்க கைக்காசு. எங்க வீட்டுல அவரைப் பந்தலுக்குக் கீழே ஒரு தொட்டியில தண்ணி வைக்கிறோம், கீரைப் பாத்தியில ஒண்ணுக்கு வலை கிடையாது. வந்தா அது மயிலுக்கு, வராத நாள்ல எங்களுக்கு.

அந்த மக்காச்சோள அண்ணனுக்குக் காவலுக்கு ஆள் இல்லை, அவர் பசங்க ரெண்டு பேரும் திருப்பூர்ல. விதை ஊன்றினதுல இருந்து பத்து, பன்னிரண்டு நாள் தாண்டிட்டா மயில் தொந்தரவு பாதியா குறையும்னு அவரே சொல்றார். போன பட்டத்துல நானும் தெருப்பசங்க மூணு பேரும் முறை வச்சுக்கிட்டு விடியற்காலை அஞ்சரையில இருந்து ஏழு வரைக்கும் வரப்புல நடந்தோம். கையில தகர டப்பா, காதுல திருப்புகழ். டப்பாவைத் தட்டினா மயில் பறந்து எதிர்ப்பக்க வேலிக்குப் போய் உட்கார்ந்துக்கிட்டு எங்களையே பார்க்கும். அவர் காசு எதுவும் கொடுக்கலை, நாங்களும் கேட்கலை. அறுவடை அன்னைக்கு ஒரு சாக்குக் கதிர் அனுப்பி வச்சார். அதுல முதல் நாலு கதிரை வேக வச்சு அம்மா முருகன் படத்துக்கு முன்னாடி வச்சாங்க. இந்த வருஷ ஆடிக்கும் வர்றோம்னு சொல்லியிருக்கோம். கள்ளக்குறிச்சி பக்கம் இருக்கிறவங்க யாராவது விடியற்காலை எழுந்திருக்கத் தயார்னா குழுவுல சொல்லுங்க, டப்பா நான் தர்றேன்.

முருகா சரணம்.